இரண்டாவது ஸ்கேன் வரை எப்படிக் காத்திருப்பது?

காவேரிக்கரை

தோழிகள் அனைவருக்கும் வணக்கம். இதுவரை வாசித்துக்கொண்டு மட்டுமே இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் முறை. திருமணமாகிச் சில ஆண்டுகளுக்குப் பிறகு எனக்கு நாள் தள்ளிப்போனது. கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிட்டால் ஏழு வாரம் முடிந்த நிலையில், சென்ற வெள்ளிக்கிழமை திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் உள்வழி ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பது) எடுத்தார்கள். அறிக்கையில் இருப்பது இவ்வளவுதான்: கர்ப்பப்பைக்குள் ஒரு சாக் (கரு வளரும் பை) இருக்கிறது, அதன் சராசரி விட்டம் 14 மி.மீ.; யோக் சாக் (ஆரம்பத்தில் கருவுக்கு ஊட்டம் தரும் சிறு பை) தெரிகிறது; கரு தெரியவில்லை; 12 நாள் கழித்து மீண்டும் பார்க்கவும்.

மருத்துவர், "இப்போதைக்கு நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைக்கச் சொன்னார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது, நான் கர்ப்பமாக இருக்கிறேனா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த மாமியார், "துடிப்பு கேட்டுச்சா?" என்று கேட்டார், இன்னும் நாளாக வேண்டுமாம் என்று சொல்லி வைத்தேன். நாங்கள் இருப்பது லால்குடிப் பக்கம். எங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் ஏற்கெனவே என் பெயரைப் பதிந்து பிக்மி என்ற அரசின் கர்ப்பப் பதிவு எண்ணும் வாங்கிக் கொடுத்துவிட்டார். அடுத்து எப்போது வருகிறாய் என்று அவர் அன்போடு கேட்கும்போது என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் விழிக்கிறேன்.

இரத்தப்போக்கு இல்லை. காலையில் குமட்டல் இருக்கிறது. அது ஒரு நாள் சற்றுக் குறைந்தாலும் பயம் பிடித்துக்கொள்கிறது. குளியலறைக்குப் போகும்போதெல்லாம் துணியைப் பார்க்கிறேன். இரவில் கணவர் விழித்துவிடக் கூடாதென்று விளக்கைப் போடாமல், கைபேசி வெளிச்சத்தில் பழுப்பா, சிவப்பா, நிழலா என்று உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்ற ஆறுதலைத் தயவுசெய்து எழுத வேண்டாம். அது உண்மையா என்று இப்போது யாருக்கும் தெரியாது. இதே நிலையில் இருந்தவர்கள் இந்த நாள்களை எப்படிக் கடத்தினீர்கள் என்பதை மட்டும் கேட்கிறேன்.

செவிலி_மதுரை

தங்கை, நான் மகப்பேறு பிரிவில் நெடுங்காலமாகப் பணியாற்றும் செவிலியர். ஆறுதல் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். அந்த 12 நாள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அது தெரிந்தால் காத்திருப்பதில் உள்ள பாதிக் குழப்பமாவது தீரும்.

உள்வழி ஸ்கேனில் ஏறக்குறைய ஐந்தாவது வாரத்தில் சாக் தெரியும், ஐந்தரை வாரத்தில் அதற்குள் யோக் சாக் தெரியும், ஆறு வாரத்தை ஒட்டிக் கருவும் அதன் துடிப்பும் தெரியத் தொடங்கும். உங்கள் அறிக்கையில் உள்ள அளவு ஆறு வாரத்தை ஒட்டிய அளவு. உங்களுக்கு மாதவிடாய் 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருமென்றால், வளர்ச்சி ஒரு வாரம் பின்தங்கியிருக்கிறது என்று பொருள். அது கவலைக்குரியதுதான், மறைக்க மாட்டேன். உங்கள் சுழற்சி 35 நாள் என்றால், கருமுட்டை ஒரு வாரம் தாமதமாக வெளிவந்திருக்கும். அப்போது இதே அளவு சரியான அளவு. ஒரே படம் இரண்டு விதமாகவும் பொருள் தரும்போது, மறுபடி பார்க்காமல் எந்த மருத்துவரும் நேர்மையாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கரு வளராமல் நின்றுவிட்டது என்று உறுதியாகச் சொல்வதற்கு இன்று உலகெங்கும் கடைப்பிடிக்கும் எல்லைகள் உண்டு. கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லாவிட்டால் சொல்லலாம். சாக் 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தும் உள்ளே கரு இல்லாவிட்டால் சொல்லலாம். யோக் சாக் தெரிந்த ஸ்கேனுக்கு 11 நாளோ அதற்கு மேலோ கழித்தும் துடிப்புள்ள கரு தெரியாவிட்டால் சொல்லலாம். யோக் சாக்கும் இல்லாத வெறும் சாக் என்றால் அந்த இடைவெளி இரண்டு வாரம். உங்கள் மருத்துவர் 12 நாள் சொன்னது இந்தக் கணக்கின்படிதான்.

முன்பு இந்த எல்லைகள் இன்னும் தாழ்வாக இருந்தன; அமெரிக்காவில் 5 மி.மீ. கருவிலும் 16 மி.மீ. சாக்கிலும் முடிவு சொல்லிவிடுவார்கள். அந்த அளவுகளை நம்பினால் உயிருள்ள கர்ப்பத்தையும் தவறாகக் கலைத்துவிட நேரும் என்று ஆய்வுகள் காட்டிய பிறகுதான், 2011இல் பிரிட்டனிலும் 2013இல் அமெரிக்காவிலும் எல்லைகளை உயர்த்தினார்கள். உங்களைக் காக்கவைத்தது அலட்சியம் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதை உங்களிடம் இரண்டு நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது குறைதான்.

காத்திருக்கும்போது கவனிக்க வேண்டியவை: தாங்க முடியாத வயிற்றுவலி, மயக்கம், காய்ச்சல், ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய நாப்கின் நனையும் அளவு போக்கு இரண்டு மணி நேரம் தொடர்வது. இவற்றில் எது வந்தாலும் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். உங்களுக்குச் சாக்கும் யோக் சாக்கும் கர்ப்பப்பைக்குள்ளேயே தெரிந்துவிட்டன. இதை வாசிக்கும் வேறு யாருக்காவது பரிசோதனையில் இரண்டு கோடு வந்தும் கர்ப்பப்பைக்குள் எதுவும் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால், ஒரு பக்க அடிவயிற்று வலியையும் தோள்பட்டை நுனியில் வரும் வலியையும் மிகுந்த கவனத்தோடு பாருங்கள். கரு, கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

காவேரிக்கரை

அக்கா, இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொல்லவில்லை. என் சுழற்சி ஒரு மாதம் 29 நாள், ஒரு மாதம் 36 நாள் என்று மாறி மாறி வரும். ஆகவே இரண்டில் எது என்று இப்போதும் தெரியாது. இருந்தாலும், தெரியாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது என்று அறிவது, காரணமே இல்லாமல் தவிப்பதைவிட மேல்.

கொங்குமலர்

மன்னிக்க வேண்டும், நான் சற்று வேறுபடுகிறேன். 12 நாள் ஒரு பெண்ணை இப்படி வைத்திருப்பது கொடுமை. நானாக இருந்தால் மூன்று நாளில் வேறொரு மையத்தில் ஸ்கேன் எடுப்பேன். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பீட்டா எச்.சி.ஜி. (கர்ப்ப ஹார்மோனின் அளவு) இரத்தப் பரிசோதனை செய்வேன். எண் இரட்டிப்பானால் நிம்மதி, இல்லையென்றால் மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளலாம். என் முதல் கர்ப்பத்தில் அப்படித்தான் செய்தேன்; எண் சரியாக ஏறவில்லை என்று முன்கூட்டியே தெரிந்ததால், ஸ்கேன் அறையில் நான் நிலைகுலையவில்லை. கையில் ஏதாவது ஒரு தகவல் இருப்பது, எதுவுமே இல்லாமல் இருப்பதைவிட நல்லது என்பதே என் அனுபவம்.

யாழ்நிலா_லண்டன்

கொங்குமலர் சொல்வதில் உள்ள தவிப்பு எனக்குப் புரிகிறது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது லண்டனில் இருக்கிறேன். இங்கே ஆரம்பக் கர்ப்பத்துக்கென்றே மருத்துவமனைகளில் தனிப் பிரிவு உண்டு. இரத்தம் பட்டவுடன் அங்கேதான் போனேன். ஸ்கேன் செய்தவர் திரையை என் பக்கம் திருப்பாமலேயே நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, உறுதியாகச் சொல்ல முடியவில்லை, குறைந்தது ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றார். நானும் பொறுக்க மாட்டாமல், நடுவிலேயே காசு கொடுத்துத் தனியாரிடம் ஸ்கேன் எடுத்தேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள்: சொல்ல முடியாது. ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் அளவு ஓரிரண்டு மில்லிமீட்டர் மாறும்; சாக் ஒரு நாளைக்கு வளர்வதே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். மூன்று நாளில் பார்த்தால், வந்த வித்தியாசம் வளர்ச்சியால் வந்ததா, அளந்த கையால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது?

இரத்தப் பரிசோதனையைப் பற்றி: கர்ப்பப்பைக்குள் எதுவும் தெரியாத ஆரம்ப நாள்களில் அது மிகவும் பயன்படும். இரட்டிப்பானால்தான் நல்லது என்பதும் முழு உண்மை அல்ல. எண் 1,500க்குக் கீழே இருக்கும்போது 48 மணி நேரத்தில் 49 சதவீதம் ஏறினாலே அது இயல்பின் எல்லைக்குள் வரும். எண் கூடக் கூட ஏற்றம் மெதுவாகும். சாக் தெரிந்த பிறகு, கரு வளர்கிறதா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். கரு நின்ற பிறகும் சில நாள் எண் ஏறிக்கொண்டிருப்பதும் உண்டு. அந்த எண்ணைப் பார்த்து நான் மகிழ்ந்த ஒரு மாலைப்பொழுது இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை.

காவேரிக்கரை, எப்படிக் கடத்தினோம் என்று கேட்டீர்கள். நானும் என் கணவரும் எல்லோருக்கும் சொல்ல ஒரே ஒரு வாக்கியத்தை முடிவு செய்தோம்: "முதல் ஸ்கேனில் தெளிவாகத் தெரியவில்லை, மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், தெரிந்ததும் நாங்களே சொல்கிறோம்." அதற்கு மேல் யார் கேட்டாலும் அதே வாக்கியம்தான். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதிலைத் தேடுவதில் கரையும் பலம் மிச்சமாகும். உங்கள் மாமியாரிடமும் இதைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். மறைப்பதே தனிப் பாரமாகிவிடும்.

தஞ்சை_அம்மா

கண்ணு, எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், கடவுள் கைவிட மாட்டார். மாடிப்படி ஏறாதே. பப்பாளி, அன்னாசி, எள்ளுருண்டை எதையும் தொடாதே. ஏற்கெனவே தெரியாமல் சாப்பிட்டுவிட்டாயா? இரண்டு வாரமும் படுத்தே இரு. எங்கள் காலத்தில் ஸ்கேன் எல்லாம் இல்லை. கரு தங்கினால் தங்கும், இல்லையென்றால் நாள் தள்ளி வந்தது என்று நினைத்துக்கொள்வோம். இத்தனை சீக்கிரம் உள்ளே எட்டிப் பார்ப்பதால்தான் இந்த வேதனை என்று எனக்குத் தோன்றுகிறது.

செவிலி_மதுரை

அம்மா, கடைசியாக நீங்கள் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்த பிறகு பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்று வரை கலைகின்றன; அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள். முன்பு தெரியாமலே போனவை இப்போது ஐந்தாவது வாரத்திலேயே தெரிகின்றன. ஆனால் சீக்கிரம் பார்ப்பதால்தான் குழாயில் தங்கிய கருவைக் கண்டுபிடித்துப் பெண்களைக் காப்பாற்றுகிறோம். ஆகவே அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பப்பாளியையும் மாடிப்படியையும் பற்றிய கேள்வியை மட்டும் மிகுந்த மரியாதையோடு மறுக்கிறேன். முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்பட்ட பிழையால் நடப்பது. கரு உருவாகும் நேரத்திலேயே அது முடிவாகிவிடுகிறது. படி ஏறியதாலோ, பேருந்தில் போனதாலோ, ஒரு துண்டுப் பழத்தாலோ அது வருவதில்லை. படுத்தே இருந்தால் கலையாது என்பதற்கும் ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. நாள் முழுக்கப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு நினைவுகளைத் தவிர வேறு துணை இல்லை. மருத்துவர் தடுக்காதவரை வேலைக்குப் போகலாம், நடக்கலாம், சமைக்கலாம். "சாப்பிட்டுவிட்டாயா?" என்ற ஒரு கேள்வி பிற்பாடு எத்தனை ஆண்டுகள் ஒரு பெண்ணின் உள்ளத்தில் இருந்து உறுத்தும் என்பதை வார்டில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் மாத்திரை பற்றிப் பலர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இரத்தப்போக்கு வந்த எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது உறுதியான பலன் தெரியவில்லை. முன்பே கரு கலைந்து, இப்போதும் இரத்தப்போக்கு உள்ளவர்களுக்குப் பலன் இருப்பதாகத் தெரிந்தது. உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் தொடருங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அதனால்தான் போயிற்று என்று நினைக்காதீர்கள்.

பனித்துளி

நானும் இதே படகில் இருக்கிறேன். ஆறு வாரத்தில் லேசாகப் பழுப்பு நிறத்தில் பட்டது. ஸ்கேனில் கரு 3 மி.மீ. இருக்கிறது, துடிப்பு தெரியவில்லை. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு முறை எனக்குக் கலைந்திருக்கிறது; அப்போதும் இதே பழுப்பில்தான் தொடங்கியது. அதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று மனம் தீர்மானித்துவிட்டது. நம்பிக்கை வைத்தால் பிறகு இரண்டு மடங்கு வலிக்கும் என்று பயமாக இருக்கிறது. முன்பே அழுது முடித்துவிட்டால் நல்லதல்லவா?

யாழ்நிலா_லண்டன்

பனித்துளி, நானும் அப்படித்தான் நினைத்தேன்: முன்கூட்டியே துக்கப்பட்டுவிட்டால் பிற்பாடு குறையும் என்று. குறையவில்லை. முன்பும் அழுதேன், பின்பும் அழுதேன். நம்பிக்கை வைத்ததற்காக அல்ல, இழந்ததற்காகத்தான் வலித்தது. ஆகவே நம்பிக்கையை அடக்கி வைப்பதால் மிச்சமாவது எதுவுமில்லை என்பது என் எண்ணம். வந்தால் வரட்டும், போனால் போகட்டும். அதை வலுக்கட்டாயமாக வளர்க்கவும் வேண்டாம், பிடுங்கி எறியவும் வேண்டாம்.

இன்னொன்று: இரத்தத்தின் நிறம் தீர்ப்பு அல்ல. முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பெண்ணுக்கு இரத்தம் படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் குழந்தை பெறுகிறார்கள். குமட்டலும் அப்படியே, கரு நின்ற பிறகும் ஹார்மோன் இருக்கும்வரை குமட்டும், நன்றாக வளரும்போதும் சில நாள் குமட்டாது. உடலைக் குறி கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தால் அது நாளுக்கு ஒரு குறி சொல்லும்.

நெல்லை_வாசகன்

பெண்கள் பேசும் இடத்தில் எழுதத் தயங்கினேன். கணவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம் என்று தோன்றியது. எங்களுக்கு இது நடந்தபோது ஸ்கேன் அறைக்குள் என்னை விடவில்லை. மனைவி உள்ளே தனியாகக் கேட்ட செய்தியை, வெளியே வந்து எனக்குச் சொல்லும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. உங்கள் மையத்தில் துணைக்கு ஒருவரை அனுமதிப்பார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள். சில இடங்களில் கேட்டால் விடுகிறார்கள்.

கணவர்கள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். "இப்போது எப்படி இருக்கு?" என்று மணிக்கொரு முறை கேட்பதை என் மனைவி அன்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கேள்வியும் அவளை மறுபடி தன் வயிற்றைச் சோதிக்க வைத்தது. அதற்குப் பதிலாகச் சில வேலைகளை முழுமையாக எடுத்துக்கொள்ளலாம். அவளுடைய அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் பதில் சொல்வது, சுகாதாரச் செவிலியரின் அழைப்பை எடுப்பது, உறவில் வளைகாப்பு என்றால் இந்த முறை வர இயலவில்லை என்று காரணம் சொல்லாமல் தெரிவிப்பது, இவையெல்லாம் என்னால் முடிந்தன. எனக்கும் பயம் இருந்தது. அவள் முன்னால் காட்டக் கூடாது என்று அடக்கினேன். உனக்கு ஒன்றுமே இல்லையா என்று ஒருநாள் கேட்டாள். அன்று இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். அதன் பிறகுதான் வீட்டில் மூச்சுவிட முடிந்தது.

காவேரிக்கரை

நெல்லை வாசகன் அண்ணா எழுதியதை என் கணவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு எதுவும் பேசாமல் என் கைபேசியை வாங்கிச் சுகாதாரச் செவிலியரை அழைத்து, யாழ்நிலா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே சொன்னார். அந்த அம்மா நல்லவர். "சரி தம்பி, நானா கூப்பிட மாட்டேன், நீங்க சொல்லுங்க" என்றாராம். மாமியாரிடம் நானே சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்கும் என் கணவருக்கு முன் ஒன்று தங்காமல் போனது என்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் பிள்ளைகளுக்கே அது தெரியாது.

பகலில் அலுவலகத்தில் கணக்குகளைப் பார்க்கும்போது ஓரளவு மறக்கிறேன். மாலை வீடு திரும்பிய பிறகுதான் கடினம். இணையத்தில் தேடுவதைச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் என்று குறுக்கியிருக்கிறேன். அதற்கு மேல் வாசிப்பதெல்லாம் ஏற்கெனவே வாசித்ததுதான். குளியலறையில் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை, ஆனால் கைபேசி வெளிச்சத்தை விட்டுவிட்டு விளக்கைப் போட்டே பார்க்கிறேன். விழித்தால் விழிக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

மருதாணி

நான் மனநல ஆலோசகராக இருக்கிறேன். செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சையில் முடிவுக்காகக் காத்திருக்கும் இரண்டு வாரத்துக்கென்று, பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சிறு அட்டையை உருவாக்கினார்கள். அதில் பத்து வாக்கியங்கள் இருக்கும். காலையிலும் மாலையிலும் வாசித்து யோசிக்க வேண்டும். முடிவு நல்லதாக வரும் என்று அந்த அட்டை எங்கும் சொல்லாது. முடிவு நம் கையில் இல்லாதபோதும் இந்த நாளில் என் கையில் எஞ்சியிருப்பது என்ன, இதில் எனக்குப் பொருளுள்ளது எது என்ற பக்கம் மனத்தைத் திருப்பும். நீங்களே ஒரு தாளில் உங்கள் சொந்த வார்த்தைகளில் நாலு வரி எழுதி வைத்துக்கொள்ளலாம். "இன்று என்னால் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன்" என்ற ஒரு வரி பலருக்கு உதவுவதைப் பார்த்திருக்கிறேன்.

தூக்கமே இல்லை, சாப்பிட முடியவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஸ்கேன் வரை பொறுக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். என்ன ஆயிற்று என்று தெரியாத நிலையில் அழைக்கலாமா என்று ஒரு பெண் என்னிடம் கேட்டார். தாராளமாக அழைக்கலாம்; இழப்பு உறுதியானால்தான் துயரப்பட அனுமதி என்று யாரும் விதி வைக்கவில்லை.

காவேரிக்கரை

தோழிகளே, நேற்று ஸ்கேன் முடிந்தது. சாக் 19 மி.மீ. ஆகியிருக்கிறது, உள்ளே கரு இல்லை. யோக் சாக்கும் முன்பு இருந்த வடிவில் இல்லை. இம்முறை வேறொரு மருத்துவர். அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, கரு வளரவில்லை என்றும், இனி ஐயத்துக்கு இடமில்லை என்றும் நேராகச் சொன்னார். என் கணவரை உள்ளே விட்டார்கள். நிறைய அழுதேன். இன்று காலை எழுந்தபோது துக்கம் இருந்தது, அந்தத் தவிப்பு இல்லை. இரண்டும் வேறு வேறு என்பது இப்போதுதான் தெரிகிறது.

தானாக வெளியேறும்வரை காத்திருக்கலாம், மாத்திரை எடுக்கலாம், அல்லது டி அண்ட் சி (கருவி மூலம் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வது) செய்யலாம் என்று சொல்லி, யோசித்துச் சொல்ல இரண்டு நாள் தந்திருக்கிறார்கள். மறுபடி காத்திருக்க எனக்குத் தெம்பில்லை.

செவிலி_மதுரை

மிகவும் வருத்தமாக இருக்கிறது, தங்கை. நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை.

மூன்று வழியும் மருத்துவர் கண்காணிப்பில் பாதுகாப்பானவையே. இதில் உங்கள் விருப்பத்துக்கு முழு இடமுண்டு. காத்திருப்பது சிலருக்கு இயல்பாகத் தோன்றும், ஆனால் நாள் சொல்ல முடியாது. மாத்திரை எடுத்தால் வலியும் போக்கும் மாதவிடாயைவிட அதிகமாக இருக்கும். வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், வலி மாத்திரையை முன்பே வாங்கி வைக்க வேண்டும். சிலருக்கு முழுமையாக வெளியேறாமல் பிறகு சுத்தம் செய்ய நேரிடும். கருவி மூலம் செய்வதாக இருந்தால், பழைய முறையில் சுரண்டுவதைவிட உறிஞ்சி எடுக்கும் முறை கர்ப்பப்பைக்கு நல்லது. உங்கள் மருத்துவமனையில் எது செய்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தைக் காக்கப் போடும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று கட்டாயம் கேளுங்கள். தேவை என்றால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். காய்ச்சலோ துர்நாற்றமோ வந்தால் உடனே போய்விட வேண்டும்.

பனித்துளி

என் ஸ்கேனும் முடிந்துவிட்டது. காவேரிக்கரை எழுதியதை வாசித்த பிறகு, என்னுடையதை இங்கே எழுதுவது சரியா என்று தெரியாமல் தயங்குகிறேன்.

காவேரிக்கரை

பனித்துளி, உங்கள் தயக்கத்தைப் பார்த்தாலே என்ன முடிவு என்று தெரிகிறது. தயவுசெய்து எழுதுங்கள். எனக்குச் சற்று வலிக்கும். அது உங்கள் குற்றமில்லை. இன்று இரவு 3 மி.மீ. என்ற அறிக்கையோடு தேடிக்கொண்டு இங்கே வரும் பெண்ணுக்கு இரண்டு முடிவும் தெரிய வேண்டும்.

பனித்துளி

நன்றி அக்கா. கரு 11 மி.மீ. ஆகியிருக்கிறது. துடிப்பு இருக்கிறது. பழுப்பு இன்னும் நிற்கவில்லை; முன்பு கலைந்ததால் புரோஜெஸ்டிரோன் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். பயம் முழுதாகப் போகவில்லை. முடிந்துவிட்டது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன்; அந்த உறுதிக்கு ஆதாரம் என் பயம் மட்டும்தான்.

கொங்குமலர்

காவேரிக்கரை, உங்களுக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். நான் ஒரு நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். என்னால் ஆன ஒரு தகவலைத் தருகிறேன். கரு கலைந்தால் மறுநாளிலிருந்து ஆறு வாரம் ஊதியத்தோடு விடுப்பு பெற உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதைத் தந்தது. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே ஆறு வாரம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர் என்றால் பணப்பலன் அவர்கள் வழியாக வரும். மருத்துவரிடம் தேதி குறிப்பிட்ட சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் சாதாரண உடல்நலக்குறைவு விடுப்பு என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பல அலுவலகங்களில் கேட்டால் மட்டுமே தருகிறார்கள், கேட்கத் தெரியாமலேயே நான்காம் நாள் வேலைக்கு வந்து உட்காரும் பெண்களை நான் பார்க்கிறேன்.

காவேரிக்கரை

இது எனக்குத் தெரியவே தெரியாது. சனிக்கிழமை வரை மட்டும் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு சான்றோடு புதிதாக விண்ணப்பிக்கிறேன். மாத்திரை என்று முடிவு செய்திருக்கிறோம். கூட இருப்பதற்கு அம்மா நாளை கும்பகோணத்திலிருந்து வருகிறார், மாமியாரும் இருக்கிறார். செவிலி அக்கா, என் வகை ஓ பாசிட்டிவ், ஆகவே அந்த ஊசி தேவைப்படாது என்று நினைக்கிறேன், சரிதானே?

செவிலி_மதுரை

சரிதான், தேவையில்லை. மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். அப்போதும் இரண்டு கோடு வந்தால் மருத்துவரிடம் போங்கள், உள்ளே ஏதாவது தங்கியிருக்கலாம். அதற்கு முன்பு பார்க்க வேண்டாம். கலைந்த பிறகும் சில நாள் கோடு வரும். அதைப் பார்த்து மறுபடி கலங்கிவிடுவீர்கள். நாளை இரவு நான் பணியில் இருக்கிறேன். போக்கு அதிகமா இல்லையா என்று ஐயம் வந்தால் முதலில் உங்கள் மருத்துவமனையை அழையுங்கள், பிறகு இங்கே எழுதுங்கள்.